ஒட்டுப்புள்ளி

குண்டூசி செய்தது தப்புதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு, இவளுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் என்மேல் பாயக்கூடாது. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். கூடப் பிறந்தவன் எங்கே இருக்கிறான் என்று ஒரு விரலசைப்பில் தெரியும் என்றால், பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாரால் முடியும்?

சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததற்காக அண்ணன் வைத்த பட்டப்பெயர் குண்டூசி. இப்போது முப்பத்துநாலு வயது, உடம்பும் பூசினாற்போல் ஆகிவிட்டது. அண்ணன் விடுவதாக இல்லை. "எங்க குண்டூசி ஆபீஸ்ல உக்காந்து ஊர் உலகத்து லாரியெல்லாம் எண்ணிட்டு இருக்கா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்கிறவரும் லாரி டிரைவர்தான்.

எண்ணுவதுதான் அவள் வேலை, அதில் பொய்யில்லை. பதினெட்டாயிரம் லாரிகள். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது தன் இருப்பிடத்தை அனுப்பும். அதெல்லாம் குண்டூசியின் திரையில் நீலப் புள்ளிகளாக வந்து விழும். எந்த எல்லையில் சரக்கு எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கிறது, எந்தப் பாதையில் லாரிகள் ஊர்கின்றன, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நெரிசல் என்று கணக்கெடுத்து, எல்லைக்கு இரண்டு பக்கத்து அரசுகளுக்கும் அறிக்கை கொடுப்பது அந்த அலுவலகத்தின் பிழைப்பு.

புள்ளிக்குப் பெயர் கிடையாது, வண்டி எண் கிடையாது. ஒரு குறியெண் மட்டும்தான். புள்ளிக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்று தேடவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். குண்டூசி ஒரு மாதம் தாக்குப்பிடித்தாள். இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில், தங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் தையல் கடைக்கு எதிரே காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் புள்ளி எது என்று தேடினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 4417.

அன்று சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் இப்போ எங்க இருக்கார் சொல்லவா?"

"எங்கயாவது டீக்கடையில இருப்பார். அதுக்கு ஜோசியம் வேற பாக்கணுமா?"

"பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம். நாப்பது நிமிஷமா நிக்குது வண்டி."

அண்ணி மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அண்ணனின் போன் வேலை செய்யாது. அப்போது கல்யாணமாகி மூன்று வருடம், மாதத்தில் மூன்று நடை, நடைக்கு நாலைந்து நாள் புருஷன் எங்கே என்று தெரியாமலே இருந்து பழகியவள். "அந்தப் பக்கம் போனாலும் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியும் என்றாள் குண்டூசி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் புள்ளி பார்க்காமல் யாரும் படுத்ததில்லை. அண்ணனுக்கும் சொல்லியாகிவிட்டது. அவருக்கு ஒரே பெருமை. "அப்போ நான் எங்கயும் ஒளிய முடியாதுன்னு சொல்லு" என்று சிரித்தார்.

பார்க்கப் பார்க்க, அண்ணன் வண்டி ஓட்டும் அழகே குண்டூசிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லை தாண்டினதும் மலைப்பாதை. அதில் பாதி தூரத்தில் ஒரு வளைவு, வளைவில் ஓர் ஊற்றுக் குழாய். அங்கே நிறுத்தி முகம் கழுவிக்கொண்டுதான் மேலே போவார். ஒருநாள் எட்டு நிமிடம், ஒருநாள் பதினைந்து நிமிடம். பதினைந்து ஆனால் யாருடனோ அரட்டை அடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த வேலையில் ஒரு தலைவலி உண்டு. மலையில் சிக்னல் கிடைக்காது. ஒரு லாரி இரண்டு மணி நேரம் காணாமல் போய், எண்பது கிலோமீட்டர் தள்ளி மறுபடி முளைக்கும். நடுவில் ஓட்டை விழுந்த கணக்கை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்? அதற்காக குண்டூசி ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். மணிக்கொருமுறை அது எந்த லாரி சத்தம் காட்டாமல் இருக்கிறது என்று பார்க்கும். அந்த லாரி முன்பெல்லாம் அதே பாதையில் எப்படிப் போனது, எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று பழைய நடைகளைப் புரட்டிச் சராசரி போட்டு, ஓட்டையில் புள்ளிகளைத் தானே ஒட்டிவிடும். அலுவலகத்தில் அதற்கு ஒட்டுப்புள்ளி என்று பெயர். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒட்டக்கூடாது. அதற்குப் பிறகும் சத்தமில்லை என்றால் அந்த லாரியைப் படத்தைவிட்டே தூக்கிவிட வேண்டும். இதுதான் அவள் போட்ட கட்டளை.

உண்மைப் புள்ளி நீலம், ஒட்டுப்புள்ளி சாம்பல். மூன்று வாரத்துக்கு முன்னால் மேலாளர் அதில் மூக்கை நுழைத்தார்.

"என்னம்மா இது, படம் அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு? திங்கக்கிழமை வெளிநாட்டு ஆளுங்க பாக்க வர்றாங்க. ஒரே கலரா மாத்திடு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே மாற்றிவிட்டுப் போனாள். எல்லாம் நீலமாகிவிட்டது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

அண்ணன் இந்த முறை கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து நாற்பது. செவ்வாய் மத்தியானம் எல்லை வரிசையில் போய் நின்றார், புதன் காலை ஏழு மணிக்குத் தாண்டினார். மலைப்பாதையில் புள்ளி ஏறியது, ஊற்றுக் குழாயில் நின்றது, மறுபடி கிளம்பியது. வியாழன் காலை அந்தப் பக்கத்து ஊரின் சரக்குக் கிடங்கு வாசலில் நின்றது. குண்டூசி தினமும் செய்வதுபோல அண்ணிக்கு ஒரு வரி அனுப்பினாள்: போய்ச் சேர்ந்தாச்சு.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அண்ணி போன் செய்தாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை.

"முதலாளி பேசினாரு. சரக்கு இன்னும் வரலைன்னு கிடங்குல சொல்றாங்களாம். வண்டி எங்கன்னு கேக்குறார்."

லாரியின் முதலாளிக்குச் சொந்தமாக ஆறு வண்டி. ஆறுக்கும் தானே அப்பன் என்பதுபோலப் பதறுவார்.

"நேத்து காலையிலயே போயிடுச்சே அண்ணி. இதோ என் கண்ணு முன்னாடி நிக்குது. கிடங்கு வாசல்லதான்."

"நல்லாப் பாத்தியா?"

"அட, உங்க தலைமேல அடிச்சுச் சொல்றேன். வாசல்ல நிக்குது. அவங்க இறக்கிறதுக்கு ஆள் இல்லாம வரலைன்னு கதை விடுறாங்க. போன தடவையும் இதே கூத்துதானே?"

போன தடவை இதே கூத்து நடந்தது உண்மை. அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "முதலாளியோட இன்னொரு வண்டி அந்தப் பக்கத்துல இருக்காம். வழுக்கை டிரைவர் ஓட்டுறது, அவர்கிட்ட அந்த ஊர் போன் நம்பர் இருக்கு. அவரை ரோட்டோட ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொல்லவான்னு கேக்குறார்."

"எதுக்கு அண்ணி அந்த மனுஷனை வீணா அலைக்கழிக்கணும்? வேண்டாம்னு சொல்லிடுங்க."

அண்ணி அப்படியே சொல்லிவிட்டாள். முதலாளியும் கிடங்குக்காரர்களை நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு அதோடு விட்டுவிட்டார்.

சனிக்கிழமை புள்ளி திரும்பிக் கிளம்பியது. ஞாயிறு காலை எல்லைக்கு வந்தது. அன்று குண்டூசிக்கு விடுமுறை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அண்ணியும் அவளும் பார்த்தார்கள். எல்லையில் அன்று சுங்கத்துறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் வர வேண்டிய லாரிகள் ஒன்றுகூட நகரவில்லை. நானூறு புள்ளிகள், நீல எறும்பு வரிசை மாதிரி, ஒரே கோட்டில் அசையாமல் கிடந்தன.

4417 நகர்ந்துகொண்டிருந்தது.

வரிசையின் வாலில் சேர்ந்தது, பிறகு முன்னால் போனது. நிற்கிற புள்ளிகள் நிற்க, அது மட்டும் அவற்றின் ஊடாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் சாலை ஒரே ஒரு தடம்தான், ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வேலி. குண்டூசி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளியின் மேலேயே ஏறி, அதைக் கடந்து, அடுத்த புள்ளியின் மேல் ஏறியது. சாயங்காலம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எல்லையைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு வேறு ஒரு லாரியும் தாண்டவில்லை.

"இது எப்படி?" என்றாள் அண்ணி.

"யாரையோ கைக்குள்ள போட்டிருக்கார் உங்க ஆளு" என்றாள் குண்டூசி. சிரிக்கத்தான் பார்த்தாள்.  கருவிகள் சில நேரம் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும், அப்படி எதுவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்தப் பக்கம் வந்தால் போன் வேலை செய்ய வேண்டும். எல்லை தாண்டினதும் அண்ணன் செய்கிற முதல் காரியம் அண்ணியைக் கூப்பிட்டு, "உயிரோட இருக்கியா?" என்று கேட்பதுதான். ஒன்பது வருடத்து வழக்கம். அன்று போன் வரவில்லை. அண்ணி கூப்பிட்டுப் பார்த்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது பதிவுக் குரல். ஒருமுறை இல்லை, பதினாலு முறை.

"எனக்கு என்னமோ மனசு சரியில்ல."

"சார்ஜரைத் தொலைச்சிருப்பார் அண்ணி. அவர் தொலைக்காத சார்ஜரா? வண்டி ஓடிட்டுத்தானே இருக்கு, பாருங்க. நாளைக்கு மூணு மணிக்கெல்லாம் வாசல்ல வந்து நிப்பார், நீங்களே திட்டிக்கோங்க."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளி சீராக, ஒரே வேகத்தில், வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை குண்டூசி அலுவலகத்தில் இருந்தாள். வேலை ஓடவில்லை. நொடிக்கொரு தரம் 4417-ஐத்தான் பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அது நெடுஞ்சாலையைவிட்டு இறங்கியது. மூன்றே காலுக்கு மார்க்கெட் சந்தியைத் தாண்டியது. மூன்று பதினெட்டுக்குத் தெருவுக்குள் திரும்பியது. அப்பாடா என்று அவளுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணி, வந்துட்டார். கதவைத் திறங்க."

"எங்க?"

"நம்ம வாசல்ல. வண்டி நின்னுடுச்சு."

செருப்புச் சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டன. பிறகு தெருவின் சத்தம். எங்கோ ஒரு சைக்கிள் மணி.

"ஒண்ணையும் காணோமே."

"நல்லாப் பாருங்க அண்ணி. தையல் கடைக்கு எதிர்ல."

"தையல் கடைக்கு எதிர்லதான் நிக்கிறேன்."

குண்டூசி படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். வீட்டின் கூரை தெரிந்தது. வாசல்படி தெரிந்தது. படிக்கு நேரே, தெருவில், நீலப் புள்ளி நின்றது.

"வாசல்ல நிக்குது அண்ணி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"இங்க நான்தாண்டி நிக்கிறேன்." அண்ணி அழ ஆரம்பித்திருந்தாள். "நான் மட்டும்தான் நிக்கிறேன்."

  குண்டூசி போனை அணைக்காமலே மேசையில் வைத்துவிட்டு, முதல் தடவையாக, படத்தை விட்டுவிட்டுக் கருவிகளிலிருந்து நேராக வந்து விழுகிற மூலப் பட்டியலைத் திறந்தாள். யாரும் திறக்காத பட்டியல் அது. லட்சக்கணக்கான வெறும் எண்கள். அதில் 4417 என்று தேடினாள்.

கடைசி வரி, புதன்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், மலைப்பாதையில், ஊற்றுக் குழாய்க்கு நாலு கிலோமீட்டர் முன்னால். வேகம் முப்பத்தெட்டு. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

அப்படியானால் ஊற்றுக் குழாயில் நின்றது எது? கிடங்கு வாசலில் இரண்டு நாள் காத்திருந்தது எது? நானூறு லாரியின் மேல் ஏறி எல்லையைத் தாண்டி, மார்க்கெட் சந்தியில் வேகத்தைக் குறைத்து, தெரு திரும்பி, வீட்டு வாசலில் வந்து நிற்கிறதே, அது எது? புதன்கிழமை ஊற்றுக் குழாயில் எத்தனை நிமிடம் நின்றது என்று பார்த்தாள். பதினொன்று. பழைய நடைகளை எல்லாம் கூட்டிச் சராசரி போட்டுப் பார்த்தாள். அதுவும் பதினொன்றுதான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் மாற்றியது நிறத்தை மட்டும் இல்லை. நிறம் மாற்றச் சோம்பல்பட்டு, எது உண்மை எது ஒட்டு என்று அட்டவணையில் குறித்து வைத்த பத்தியையே அழித்துவிட்டிருந்தாள். அன்றிலிருந்து புரோகிராமுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. ஆறு மணி நேரம் என்ற கெடுவை அது எதிலிருந்து எண்ணும்? கடைசிப் புள்ளியிலிருந்து. கடைசிப் புள்ளி எது? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதுவே ஒட்டியது. அதனால் கெடு தீரவே தீராது. லாரி நின்றால் என்ன, ஆளே இல்லாமல் போனால் என்ன, அவன் பழக்கவழக்கம் மட்டும் கைவசம் இருந்தால் போதும், அது பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

அண்ணன் ஐந்து நாளாக எங்கேயோ கிடக்கிறார். அவருடைய பழக்கம் மட்டும் வேலையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டது.

முதலாளியின் எண்ணுக்கு அவளே பேசினாள். இடத்தைக் கிலோமீட்டர் கல்லோடு சொன்னாள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வழுக்கை டிரைவரைக் கூப்பிட்டார். அவர் இன்னமும் அந்தப் பக்கம்தான் இருந்தார். தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சாலையிலிருந்து நாற்பதடி கீழே, புதருக்குள், மூக்கு மண்ணில் குத்தியபடி லாரி கிடந்தது. மேலே போகிற எவன் கண்ணிலும் படாது. உள்ளே ஆள் இருந்தார். உயிர் இருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தில் குண்டூசி இன்னொரு காரியமும் செய்தாள். ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. சும்மா உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மூலப் பட்டியலில் மூன்று நாளுக்கு மேல் சத்தமே காட்டாமல், படத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் லாரிகள் அண்ணனுடையதைத் தவிர இன்னும் எத்தனை என்று தேடினாள். முப்பத்தொன்பது. கருவி பழுதானது இருக்கலாம், கழற்றி விற்றது இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் முப்பத்தொன்பதும் ஒழுங்காக எல்லை தாண்டின, வழக்கமான இடத்தில் நின்றன, வேலை முடித்து அவரவர் தெருவுக்குத் திரும்பின. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று எங்கோ ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. அந்த வீட்டில் கதவைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டாள். புரோகிராமை நிறுத்தினாள். படத்தில் முப்பத்தொன்பது புள்ளிகள் சத்தமில்லாமல் அணைந்தன. அண்ணனுடையது நாற்பதாவது.

ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம். குண்டூசியும் அண்ணியும் பஸ்ஸில் போனார்கள். ஆறு வருடமாக அந்த எல்லையைப் பற்றி அறிக்கை எழுதியவள், அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தாள். டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் சக்கரத்தில் சாய்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் பக்கெட்டில் துணி அலசினார். 

 இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அண்ணி பேசினாள்.

"வெள்ளிக்கிழமை முதலாளிகிட்ட வேண்டாம்னு சொன்னது நான். சொல்ல வச்சது நீ. ரெண்டு பேரும்தான் சுமக்கணும்."

குண்டூசி தலையை ஆட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லிடாத. காலை எடுத்துட்டாங்கன்னு டாக்டர் போன்ல சொன்னாரு. ரெண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். அது நமக்குத் தெரிஞ்சா போதும். அவருக்குத் தெரிய வேண்டாம்."

வார்டில் எட்டுக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் அண்ணன் கிடந்தார். முகம் பாதியாக வற்றிப் போயிருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. இவர்களைப் பார்த்ததும் அந்த முகத்தில் எங்கிருந்துதான் அவ்வளவு வெளிச்சம் வந்ததோ.

"உயிரோட இருக்கியா?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டார். அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, சொன்னேன்ல. இவதான். என் தங்கச்சி. ஆபீஸ்ல உக்காந்த இடத்துலயே என்னைக் கண்டுபிடிச்சவ."

பக்கத்துக் கட்டில்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். குண்டூசிக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"வாடி குண்டூசி, இப்படி உக்காரு." அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்கார வைத்தார். "பேட்டரி வயர் அறுந்து போச்சு. ஹாரன் இல்ல, லைட் இல்ல. போன் எங்க தெறிச்சுதோ. கால் இஞ்சினுக்குள்ள மாட்டிக்கிச்சு. கேன்ல தண்ணி இருந்துச்சு, அதான் பிழைச்சேன். மேல வண்டி போற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். கத்துவேன். எவனுக்குக் கேக்கும்? ஆனா நான் பயப்படல, தெரியுமா? சத்தியமா பயப்படல. குண்டூசி பாத்துக்கிட்டு இருப்பா, வண்டி நகரலன்னா அவளுக்கு முதல்ல தெரியும், ஆள் அனுப்பிடுவா. இதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். ராத்திரியெல்லாம் உன்கூடதான் பேசிட்டுக் கிடந்தேன்."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குண்டூசியைப் பார்த்தாள். வேண்டாம் என்று அந்தப் பார்வையே சொன்னது.

"எப்போ தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார் அண்ணன். "புதன்கிழமை சாயங்காலமே தெரிஞ்சிருக்கும், இல்ல? அந்த ரோடு மோசம். ஆள் வந்து சேரத்தான் அவ்வளவு நாளாயிடுச்சு. அப்படித்தானே?"

தலையை ஆட்டினால் போதும். பதிலை அவரே தயாராக எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அண்ணியும் அதைத்தான் கெஞ்சுகிறாள். குண்டூசி அண்ணனின் கையைப் பார்த்தாள். கத்திக் கத்தித் தகரத்தைத் தட்டியதில் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, மருந்து தடவியிருந்தார்கள்.

"திங்கக்கிழமை" என்றாள்.

"என்ன?"

"திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது அண்ணா. மத்தியானம் மூணரைக்கு."

அண்ணன் சிரித்தபடியே இருந்தார், விளங்காமல். பிறகு அந்தக் கையை விடுவித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி. கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போனது. திங்களுக்கு வந்ததும் நின்று, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"அப்போ நான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தப்பல்லாம்," என்றார், "நீ பாக்கவே இல்லையா?"

"பாத்துக்கிட்டுதான் அண்ணா இருந்தேன்."